ஆள் வந்தால் மாறும் எழுத்து

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அவள் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் அடுத்த அறையில் போனில் பேசிக்கொண்டிருப்பவர் ஒரு காதைப் பொத்திக்கொள்வார். மொழிபெயர்ப்பாளர்கள் கையால் எழுதித் தருவதைத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், திரையை ஏறிட்டும் பார்க்காமல், பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளுவாள். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. தட்டச்சுப் பள்ளியில் ‘யளனகபக’ என்று முதல் பாடம் அடித்தபோது விரல்களில் ஏறிய பழைய தட்டச்சு முறையை அவள் மாற்றிக்கொள்ளவேயில்லை. மற்றவர்கள் தமிழ்99 என்னும் புதிய விசைமுறையிலோ, ஆங்கில எழுத்தை அமுக்கித் தமிழ் வரவழைக்கும் முறையிலோ அடித்தார்கள். அவரவர் மேசையில் அவரவர் கணினி இருந்தவரை யாருக்கும் அதில் தொந்தரவு இல்லை.

தொந்தரவு, அலுவலகம் தன் இரண்டு மாடிகளில் ஒன்றைக் காலி செய்தபோது வந்தது. பாதிப் பேர் இனி வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றார்கள். ஆவணங்கள் எல்லாம் நோயாளிகளுடையவை, வழக்காடுபவர்களுடையவை; ஒன்றும் வெளியே போகக்கூடாது. ஆகவே வீட்டு லேப்டாப் வெறும் ஜன்னல்தான். அதன் வழியாக அலுவலகத்தில் இருக்கிற பெரிய கணினிக்குள் நுழைந்து, அங்கேதான் வேலை செய்ய வேண்டும்.

திங்கட்கிழமை காலை பட்டாசு சாப்பாட்டு மேசையைத் துடைத்து லேப்டாப்பை வைத்தாள். மூன்றாவது மாடி வீடு. ஒரு கூடம், இரண்டு அறை. கூடத்து சோபாவின் பின்னால் ஒரு பெட்டி நின்றது. அது கணவனின் தங்கையுடையது. அவளுக்கு முப்பத்தொன்பது வயது. ஆனாலும் அண்ணன் கூப்பிடுவதைப் போல எல்லோருக்கும் அவள் பாப்பாதான். புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு கிளம்பி வந்தவள், ரெண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். இரண்டு மாதம் தாண்டிவிட்டது. பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அறுபத்து நான்கு பக்கம் போக வேண்டும். ஒரு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைக் குறிப்புகளும் ஒப்புதல் படிவங்களும். எழுதியவர் அலுவலகத்தின் மூத்த மொழிபெயர்ப்பாளர். மூன்று சொல்லுக்கு ஒரு காற்புள்ளி போடுவதால் அவருக்குக் கமா என்று பெயர். அவர் கையெழுத்து மழையில் நனைந்த எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருத்தர் அவரே என்று பட்டாசு சொல்வாள்.

அவள் நாலு பக்கம் அடித்து முடித்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு திரையைப் பார்த்தாள். நாலு பக்கமும் சுத்தமான உளறல். ‘மகன்’ என்று அடித்த இடத்தில் ‘ம்உந’ என்று இருந்தது. நோயாளியின் ம்உந கையெழுத்திட வேண்டும் என்று வந்திருந்தாலாவது சிரித்திருக்கலாம். மற்ற சொற்களும் அதே கதி.

கணினிப் பிரிவில் இருந்தவரை எல்லோரும் டிக்கெட் என்று அழைத்தார்கள். வீடு தீப்பற்றி எரிகிறது என்று சொன்னாலும் ‘டிக்கெட் போட்டீங்களா?’ என்றுதான் கேட்பார். பட்டாசு டிக்கெட் போட்டு, அதாவது கணினியில் புகாரைப் பதிந்துவிட்டே, போன் செய்தாள். அவர் பொறுமையாக விளக்கினார். வீட்டில் அவள் அமுக்குகிற விசை எது என்பது மட்டும்தான் அலுவலகத்துக்கு வந்து சேரும். அது என்ன எழுத்து என்று முடிவு செய்வது அலுவலகக் கணினி. அதில் இருப்பது ஆங்கிலமும் தமிழ்99-உம். பழைய தட்டச்சு முறை அதில் இல்லவே இல்லை. அவர் அதை ஏற்றினார். அரை மணி நேரத்தில் ‘மகன்’ மகனாக வந்தான். டிக்கெட் மூடப்பட்டது.

செவ்வாய்க்கிழமை உள்ளே நுழைந்ததும் மறுபடி உளறல். வீட்டு லேப்டாப்பில் எந்த முறை இருக்கிறதோ அதை அலுவலகக் கணினி நுழைவாசலிலேயே வாங்கிக்கொண்டுவிடுகிறது என்று கண்டுபிடித்து, அப்படி வாங்காதே என்று அமைப்புகளின் ஆழத்தில் ஏதோ ஒரு வரியைச் சேர்த்தார் டிக்கெட். அந்த டிக்கெட்டும் மூடப்பட்டது. பட்டாசுக்கு ஒரு முழு காலை போயிருந்தது. ஆனாலும் அன்று மாலைக்குள் பதினெட்டாம் பக்கத்தை எட்டிவிட்டாள்.

உண்மையான பிராணசங்கடம் புதன்கிழமை ஆரம்பித்தது. நுழையும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. இருபது நிமிஷம், அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம் ஒழுங்காகவே ஓடியது. திடீரென்று நடு வாக்கியத்தில் எழுத்து மாறிவிடும். திரையைப் பார்க்காமல் அடித்துப் பழகியவள் அரைப் பக்கம் போன பிறகுதான் கவனிப்பாள். அழித்து, முறையை மாற்றி, மறுபடி அடித்தால் மறுபடி எங்கோ ஓரிடத்தில் மாறும். லேப்டாப்பின் மூலையில் ‘தமிழ்’ என்று அசையாமல் நின்றது. அது இந்தப் பக்கத்துச் சங்கதி. அந்தப் பக்கத்தில் நடப்பது அதற்குத் தெரியாது.

அவள் இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் திரையைப் பார்த்துக்கொண்டே அடித்துப் பார்த்தாள். வேகம் பாதியானது. கண் தாளுக்கும் திரைக்கும் அலைந்து தலையை வலித்தது. எழுந்து சமையலறை வரை போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடிவிட்டுத் திரும்பினாள். உட்கார்ந்தாள். நாற்காலி சரியில்லை என்று இன்னொரு நாற்காலி மாற்றினாள். இந்த வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமை நாற்பது பக்கம் தேறினாலே அதிகம். கமாவின் அடுத்த கட்டை ஆங்கில முறையில் அடிக்கிற யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஒருமுறை கொடுத்துவிட்டால் அப்புறம் அதுவே வழக்கமாகிவிடும்.

டிக்கெட் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டார். இணைப்பு விட்டுவிட்டு வருகிறதா? இல்லை. லேப்டாப் நடுவில் தூங்கிவிடுகிறதா? இல்லை. ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து அழுந்தினால் முறை மாறும், தவறி அமுக்குகிறாளா? அவளுக்குச் சுருக்கென்றது. ஆல்ட் விசைக்கும் தமிழ்த் தட்டச்சுக்கும் என்ன சம்பந்தம், அதை ஏன் நான் தொடப்போகிறேன் என்று கேட்டாள். அவர் அந்தக் கேள்வியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். கடைசியாக ஒன்று கேட்டார். கேட்டவருக்கு அதில் உள்நோக்கம் ஏதும் இல்லை.

“வீட்ல வேற யாராவது இந்த லேப்டாப்பைத் தொடறாங்களா?”

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி பட்டாசின் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. பகலில் வீட்டில் இருப்பது இரண்டு பேர். கணவன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருவான். மிச்சம் பாப்பா. அவள் தன் போனில் வேலை தேடுகிறாள், விண்ணப்பம் நிரப்புகிறாள். போன் திரை சின்னது. ஒரு தடவை, ரொம்ப நாளைக்கு முன்னால், லேப்டாப்பைக் கொஞ்சம் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு பட்டாசு கணக்கு வைக்க ஆரம்பித்தாள். பதினொன்றே கால்: பாப்பா குளித்துவிட்டுக் கூடத்தைக் கடந்தாள், எழுத்து மாறியது. பன்னிரண்டு பத்து: பாப்பா டீ கொண்டுவந்து வைத்தாள், எழுத்து மாறியது. மூன்று மணிக்கு, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று பாப்பா வாசலில் நின்று கேட்டாள்; அடுத்த வரியே உளறல். பாப்பா வெளியே போயிருந்த ஒன்றரை மணி நேரம் எழுத்து ஆடவில்லை, அசையவில்லை. அவள் திரும்பிவந்து செருப்பைக் கழற்றிய ஐந்தாவது நிமிஷம் போயிற்று.

எப்படிச் செய்கிறாள் என்று பட்டாசுக்குப் புரியவில்லை. ஆனால் அவள்தான் என்பதில் சந்தேகம் இல்லை. ராத்திரி லேப்டாப்பின் கடவுச்சொல்லை மாற்றி, அதை எடுத்துப்போய்த் தன் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பூட்டும்போதே கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. ஆனாலும் பூட்டினாள்.

வியாழக்கிழமை காலை நன்றாகப் போனது. முப்பத்தோராம் பக்கம். பத்தே முக்காலுக்குப் பாப்பா கூடத்துக்குள் வந்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல மேசை ஓரத்தில் நின்றாள். பிறகு, சொல்லாமல், சுவரிலிருந்து தன் போன் சார்ஜரைப் பிடுங்கினாள். பட்டாசு தாளைப் பார்த்துக்கொண்டே அரைப் பக்கம் அடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ‘ம்உந’.

“நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு” என்றாள். “என் லேப்டாப்ல நீ ஏதாவது பண்ணியா?”

பாப்பா சார்ஜரைக் கையில் சுற்றிக்கொண்டே, “இல்லையே அண்ணி” என்றாள்.

“நீ வந்தா மாறுது. போனா சரியாயிடுது. ரெண்டு நாளா பாத்துட்டிருக்கேன்.”

“நான் அதைத் தொட்டதே இல்ல.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வாய் வரவில்லை. இரண்டு மாதமாகத் தொண்டைக்குள் இருந்தது முழுக்க அந்த நேரம் பார்த்துத் திரண்டு வந்தது. “நீ வந்ததுலேர்ந்து இந்த வீட்ல எதுவுமே அதது இடத்துல இல்ல” என்றாள் பட்டாசு.

பாப்பா சார்ஜரைக் கையிலிருந்து அவிழ்த்தாள். போனோடு சேர்த்து மேசைமேல் வைத்தாள். வீட்டுச் செருப்போடு கதவைத் திறந்து வெளியே போய், சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள். கதவை அறைந்திருந்தால் பட்டாசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடு காலி. இனி எழுத்து மாறக்கூடாது. அவள் டிக்கெட்டைக் கூப்பிட்டு, திரையை அவரும் பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்யச் சொன்னாள். யாருமில்லாத வீட்டில் எப்படி ஒழுங்காக ஓடுகிறது என்று அவருக்கே காட்டிவிடுகிறேன் பேர்வழி என்றுதான் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடித்தாள். முதல் பக்கம் பிசகில்லை. இரண்டாம் பக்கத்தில் கமா எழுதிய ஒரு சொல் ‘கட்டி’யா ‘கெட்டி’யா என்று புரியவில்லை. தாளைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு மேலே அடித்தாள்.

“மாறிடுச்சுங்க” என்றார் டிக்கெட்.

அவள் நிமிர்ந்தாள். மாறித்தான் இருந்தது.

அவர் அந்தப் பக்கம் என்னவோ பார்த்தார். மாறச் சொல்லி உத்தரவு வந்தது அவள் கீபோர்டிலிருந்துதான் என்றார். வீட்டில் யாருமே இல்லை என்றாள் அவள். அப்படியானால் உங்கள் கைதான் என்றார் அவர். ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் முறை மாறும் அந்தக் குறுக்குவழியையே எடுத்துவிட முடியாதா என்று கேட்டாள். அது எல்லோருக்கும் பொதுவான அமைப்பு, எடுத்தால் மற்ற பதினெட்டுப் பேருக்கும் போய்விடும், மேலிடத்தில் எழுதிக் கேட்டுத் திங்கட்கிழமைதான் அவளுக்கு மட்டும் தனியாகச் செய்ய முடியும் என்றார். திங்கட்கிழமை என்றால் என்ன, அடுத்த பொங்கல் என்றால் என்ன, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

“அம்மா, எனக்கு உங்க ஸ்கிரீன் தெரியுது. கை தெரியல” என்றார் டிக்கெட். “பக்கத்துல யாரையாவது உக்கார வச்சு உங்க கையைப் பாக்கச் சொல்லுங்க. நீங்களே பாத்தா வராது. பாக்கறோம்னு தெரிஞ்சா கை ஒழுங்காயிடும்.”

யாரையாவது. அவள் வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தாள். எதிர் வீட்டில் பகலில் ஆள் கிடையாது. கணவன் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலையில் நின்றுகொண்டிருப்பான். ஜன்னலுக்குப் போனாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், சலவைக் கடைக்கு முன்னால் இருந்த இரும்பு பெஞ்சில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். வீட்டுச் செருப்பு. கையில் பை இல்லை. போன்கூட மேலே மேசையில்தான் கிடந்தது. போகிற வருகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டாசு ஜன்னலிலிருந்து விலகினாள். மறுபடி வந்து பார்த்தாள். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தன் கைகளைத் தானே உற்றுப் பார்த்துக்கொண்டு அடித்தாள். டிக்கெட் சொன்னது போலவே கைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக இருந்தன. மணி பன்னிரண்டாகிவிட்டது. மூன்று மாடியும் இறங்கும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இறங்கினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, “நீ இல்ல” என்றாள். “நீ வெளிய இருக்கறப்பவும் மாறிடுச்சு.”

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். “சரி” என்றாள்.

“என் கைதான் ஏதோ பண்ணுதாம். யாராவது பாக்கணுமாம். வேற யாரும் இல்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக ஒலித்தது என்று பட்டாசுக்கு உறைத்தது. மன்னிப்புக்கு முன்னால் உதவி. அதுவும், வேறு யாரும் இல்லாததால்.   பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து முன்னால் நடந்தாள்.

புருஷனோடு இருந்த ஊரில் பாப்பா பதினாலு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ரோட்டையும் பார்த்து, ஓட்டுகிறவரின் கை காலையும் பார்ப்பது அவள் தொழில். நாற்காலியை அண்ணிக்கு இடதுபக்கம், அரை அடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “என்னை மறந்துட்டு அடிங்க” என்றாள்.

மறப்பது சுலபமாக இல்லை. பக்கத்தில் அவள் மூச்சுச் சத்தம் கேட்டது. முதல் ஐந்து நிமிஷம் பட்டாசு கல்லில் செதுக்கிய மாதிரி அடித்தாள். பிறகு, கமாவின் எறும்புகள் அவளை இழுத்துக்கொண்டன. பத்தாவது நிமிஷம் ஒரு சொல்லில் முட்டி நின்றாள். தாளைச் சாய்த்துப் பார்த்தாள். கண்டுபிடித்து மேலே போனாள்.

“நிறுத்துங்க” என்றாள் பாப்பா. “இப்ப திரையைப் பாருங்க.”

மாறியிருந்தது.

“உங்க இடது கட்டைவிரல் அண்ணி. எழுத்து புரியாம நிக்கறப்போ சுண்டுவிரல் ஷிஃப்ட் மேல இருக்கு, அடுத்த எழுத்துக்கு ரெடியா. கட்டைவிரல் சும்மா இருக்க இடமில்லாம ஆல்ட் மேல உக்காருது. புரிஞ்சதும் ரெண்டையும் சேத்து எடுத்துடறீங்க.” அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, தொழில் இருந்தது. “கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டறவங்க இருக்காங்க. அவங்களுக்கே தெரியாது. கேட்டா சத்தியம் பண்ணுவாங்க.”

பட்டாசு இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். அலுவலகத்துக் கீபோர்டு தடியானது. கட்டைவிரல் அதன் முன்விளிம்பில் ஓய்வெடுக்கும். இந்த லேப்டாப்பில் விளிம்பு இல்லை. விரல் அதே இடத்துக்கு இறங்குகிறது, அங்கே ஆல்ட் இருக்கிறது. நேற்று டிக்கெட்டிடம் எவ்வளவு விறைப்பாகப் பேசினோம் என்பதும் ஞாபகம் வந்தது. ஆனால் இன்னொன்று மிச்சம் இருந்தது. அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம்.

“அப்ப நீ வர்றப்பல்லாம் ஏன் மாறுச்சு?”

பாப்பா கொஞ்சம் யோசித்தாள். யோசித்தது பதிலை அல்ல, சொல்லலாமா என்பதை. “நான் வந்தா நீங்க கையை நிறுத்திடுவீங்க அண்ணி. நான் போறவரைக்கும் அப்படியே வச்சுட்டிருப்பீங்க. ரெண்டு மாசமா அப்படித்தான். டைப் அடிக்கறப்போ மட்டும் இல்ல. காய் நறுக்கறப்போகூட.”

 பட்டாசு இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆல்ட்டைத் தொடவே இல்லை என்று சொன்ன அதே வாய். மூடிக்கொண்டாள்.

பாப்பா எழுந்துபோய் தன் பெட்டியைத் திறந்து நகம் தேய்க்கிற சொரசொரப்பு அட்டை ஒன்றை எடுத்துவந்தாள். கத்தரிக்கோலால் சின்னச் சதுரமாக வெட்டி, பசை தடவி ஆல்ட் விசையின் மேல் ஒட்டினாள். கட்டைவிரல் இறங்கினால் உறுத்தும், தானே விலகிக்கொள்ளும். கிளட்ச்சுக்கு இந்த வைத்தியம்தான் செய்வாளாம், காலணி இல்லாமல் ஓட்ட வைத்து. ஒட்டிவிட்டு அவள் கிளம்பியிருக்கலாம். கிளம்பாமல், கமாவின் தாளைக் கையில் எடுத்துப் பார்த்து, இதையா படிக்க முடியவில்லை என்று கேட்டாள். ஓடுகிற காரில், தொடைமேல் வைத்து ஜனங்கள் நிரப்பிய படிவங்களைப் பதினாலு வருஷம் படித்த கண்.

“நான் படிக்கறேன், நீங்க அடிங்க.”

படித்தாள். கை நிற்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவள் கமாவின் காற்புள்ளிகளைக்கூட விடாமல் ‘கமா, கமா’ என்று வாசித்ததில் மூன்றாம் பக்கத்தில் இரண்டு பேருக்குமே சிரிப்பு வரப் பார்த்தது. இரண்டு பேருமே அடக்கிக்கொண்டார்கள். இன்னும் அதற்கு உரிமை வரவில்லை என்று பட்டாசுக்குப் பட்டது. மாலைக்குள் நாற்பத்தெட்டு. இடையில் ஒரே ஒரு தடவை மாறியது, அட்டை சற்று நகர்ந்ததால். அதையும் பாப்பாதான் முதலில் கவனித்தாள்.

அன்று இரவு தன் கணவன் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் பட்டாசு நடந்ததைச் சொன்னாள். சுருக்கிச் சொல்லவில்லை. கடவுச்சொல்லை மாற்றியதையும், லேப்டாப்பை அலமாரியில் பூட்டியதையும், காலையில் பேசிய அந்த ஒரு வாக்கியத்தையும் சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னாள். தங்கையின் முன்னாலேயே சொன்னாள். “அது தப்பு. நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது” என்றாள். அவன் தங்கையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றால் என்ன செய்வது என்று தெரிந்தவன், இதற்குத் தெரியவில்லை. பாப்பா தண்ணீர்ச் சொம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றாள். நகரத்தின் மறுகோடியில் ஒரு டிரைவிங் ஸ்கூல். பக்கத்திலேயே ஒரு அறையும் பார்த்திருக்கிறாள். காலையில் சார்ஜரை எடுக்க வந்தபோது அதைச் சொல்லத்தான் வந்தாளாம். அண்ணியின் கை அசையாமல் நின்றதைப் பார்த்ததும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாளாம்.

பட்டாசு தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு இருபதுக்கு அறுபத்து நான்காம் பக்கம் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை டிக்கெட் அனுமதி வாங்கி, அவளுக்கு மட்டும் அந்தக் குறுக்குவழியை எடுத்துவிட்டார். டிக்கெட்டை மூடுமுன் காரணம் என்று ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். என்ன போடட்டும், பொதுவாக ஏதாவது எழுதிவிடவா என்று அவர் தயவாகக் கேட்டார். தட்டச்சாளரின் இடது கட்டைவிரல் என்று போடுங்கள் என்றாள். அவர் அப்படியே போட்டார். அலுவலகத்தில் பதினெட்டுப் பேரும் படித்தார்கள். ஒரு வாரம் எல்லோரும் அவளுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள்.

பாப்பாவின் அறை தயாராக இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. அதுவரைக்கும் பெட்டி சோபாவின் பின்னாலிருந்து வீட்டின் இரண்டாவது அறைக்குள் போனது. அலமாரியில் ஒரு தட்டைப் பட்டாசு காலி செய்து கொடுத்தாள். பாப்பா அதில் பாதியில்தான் துணி வைத்தாள். இரண்டு பேரும் திடீரென்று உடன்பிறந்தவர்கள் ஆகிவிடவில்லை. குளியலறை விளக்கை அணைக்காமல் வருவதற்காகச் சண்டை வந்தது. பால் பொங்கியதற்கு ஒரு சண்டை. ஆனால் சண்டை வாய்விட்டு நடந்தது, ஐந்து நிமிஷத்தில் தீர்ந்தது. முந்தைய இரண்டு மாதத்தில் ஒரு சண்டைகூட இல்லை. அதைத்தான் வீடு அமைதியாக இருக்கிறது என்று கணவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை பாப்பா டிரைவிங் ஸ்கூல் காரையே கொண்டுவந்திருந்தாள். அண்ணன் பெட்டியைப் பின்னால் வைத்து, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று மேலே பார்க்கப் போனான். பாப்பா ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தாள். பட்டாசு ஜன்னல் பக்கம் குனிந்து நின்றாள்.

“நான் போறது உங்களுக்கு நிம்மதிதானே அண்ணி?” என்று பாப்பா கேட்டாள். குத்திக்காட்டுவதற்காகக் கேட்டது போல் இல்லை.

பட்டாசு யோசித்தாள். சும்மா ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போகப் பிடிக்கவில்லை. “பாதி நிம்மதி” என்றாள்.

“மீதி?”

“மீதி என்னன்னு இன்னும் தெரியல.”

பாப்பா தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் போதும் போல் இருந்தது. அண்ணன் வெறுங்கையோடு இறங்கிவந்து முன்னிருக்கையில் ஏறிக்கொண்டான். கார் சலவைக் கடையைத் தாண்டித் திரும்புகிற வரை பட்டாசு நின்று பார்த்தாள். அப்புறம் மாடிப்படி ஏறினாள். நாளைக் காலை கமாவின் அடுத்த எழுபது பக்கம் வருகிறது. படித்துச் சொல்ல ஆள் இருக்காது.